சுவீடனிலிருந்து முறுக்குக்கு வந்த ஆபத்து

முறுக்குக்கும் எனக்கும் இதுநாள்வரை எந்த விரோதமும் இருந்ததில்லை. இருந்திருந்தால் என் சட்டைப் பட்டன்கள் இந்தப் பாடு பட்டிருக்காது. ஆனால் கடந்த மூன்று வாரமாக நியூஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோ, வெஸ்ட் வின்ட்சர் வட்டாரத்தில் முறுக்கின் முதல் எதிரி நான்தான். போன ஞாயிற்றுக்கிழமை இந்தியன் ஸ்டோரில் ஒரு அம்மா கையில் முறுக்குப் பாக்கெட்டோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். பாக்கெட்டைத் திரும்ப ஷெல்ஃபில் வைத்துவிட்டு, பருப்பு பக்கம் போய்விட்டார்.

எனக்கு ஓடிப்போய் விளக்க வேண்டும் போல இருந்தது. விளக்கி என்ன பயன்? மூன்று வாரமாக விளக்கிக்கொண்டுதானே இருக்கிறேன்...

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியும். காந்தப் படுக்கை, கழுத்தில் போட்டால் சர்க்கரை குறையும் மணிமாலை, பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் கெட்டது நடக்கும் ஈமெயில் — எதையும் நான் சும்மா விட்டதில்லை. 'ஆதாரம் எங்கே?' என்று கேட்டுக் கேட்டே பாதி நண்பர்களை இழந்தவன். வேலையும் அப்படி. மருந்துக் கம்பெனி ஒன்றில் ரசாயனப் பரிசோதனை. எதில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வதற்குச் சம்பளம்.

அப்படிப்பட்டவன்தான் ஒரு வதந்தியைக் கிளப்பினேன்.

நடந்தது இதுதான். இந்த வருஷம் சுவீடன் விஞ்ஞானிகள் ஒரு விஷயத்தைச் சொன்னார்கள். மாவுச்சத்துள்ள பண்டங்களை அதிகச் சூட்டில் பொரித்தாலோ வறுத்தாலோ, அதில் அக்ரிலமைடு என்ற ரசாயனம் கொஞ்சம் உண்டாகிறது. எலிகளுக்கு அதை ஏகப்பட்ட அளவில் கொடுத்தால் கேன்சர் வருகிறது. மனிதர்களுக்கு? இன்னும் தெரியாது, பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

செய்தி பொய்யில்லை. அதுதான் சங்கடம். முழுப் பொய்யாக இருந்தால் ஊதித் தள்ளிவிடலாம். இதிலோ விஞ்ஞானி 'வாய்ப்பு உண்டு' என்றார். நிருபர் 'வரும்' என்று எழுதினார். தலைப்புப் போடுகிறவர் நேராகச் சுடுகாட்டுக்கே கொண்டுபோய் விட்டார். ஐரோப்பாவின் பேப்பர்களில் உருளைக்கிழங்கு சிப்ஸின் படம், பக்கத்தில் மண்டையோடு.

தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால், லண்டனில் இருக்கும் என் காலேஜ் நண்பன் அப்படி ஒரு செய்தியை எனக்கு அனுப்பிவைத்தான். லன்ச் டைம். கையில் சாண்ட்விச். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உடனே ஐந்து நண்பர்களுக்குத் தட்டிவிட்டேன். மெயிலின் தலைப்பு ஆங்கிலத்தில்: 'முறுக்கு காஸஸ் கேன்சர்!' பக்கத்தில் ஒரு ஸ்மைலி. உள்ளே தமிழில் இரண்டு பாரா: 'இப்படித்தான் பயமுறுத்துவார்கள், நம்பாதீர்கள், இந்தக் கணக்குப்படி பார்த்தால் மனிதன் தீயைக் கண்டுபிடித்த நாளிலிருந்து யாரும் உயிரோடு இருந்திருக்கக்கூடாது, தைரியமாக முறுக்கு சாப்பிடுங்கள்.' அதற்குக் கீழே லண்டன் செய்தி.

நகைச்சுவையாக எழுதியிருக்கிறோம் என்று எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன்.

கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கிறவர்களுக்கு அடுத்து என்ன ஆகியிருக்கும் என்று இந்நேரம் புரிந்திருக்கும். என் தமிழ் ஃபாண்ட் என் கம்ப்யூட்டரில் மட்டும்தான் தமிழ். ஐந்து பேரில் நான்கு பேருக்கு அந்த இரண்டு பாராவும் கட்டம், கொக்கி, கேள்விக்குறி என்று போய்ச் சேர்ந்தன. ஆங்கிலத்தில் இருந்தது மட்டும் அட்சரம் பிசகாமல் போனது. அதாவது — முறுக்கு கேன்சர் தரும் என்ற தலைப்பு. லண்டன் செய்தி. அடியில், ஆபீஸ் மெயிலில் தானாக ஒட்டிக்கொள்ளும் என் பெயர், பிஎச்.டி. பட்டம், சீனியர் சயின்டிஸ்ட் என்ற பதவி.

ஒரு நண்பர் பொறுப்பாக அந்தக் கட்டங்களையும் கொக்கிகளையும் துடைத்துவிட்டு, சுத்தமான மெயிலாக எங்கள் தமிழ்ச் சங்கத்தின் மெயில் லிஸ்ட்டுக்கு அனுப்பினார். ஸ்மைலியும் குப்பையோடு போய்விட்டது.

நான்காம் நாள் கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட்டிலிருந்து சித்தி மகன் போன் பண்ணினான். "அண்ணா, நியூஜெர்சில யாரோ சயின்டிஸ்ட் முறுக்கைப் பத்தி ரிசர்ச் பண்ணியிருக்காராமே? உன் பேர்லயே ஒருத்தர் இருக்காரா என்ன?"

டெக்ஸாஸில் ஒரு குடும்பம் பட்சணமே பண்ணவில்லை என்று கேள்விப்பட்டேன். சோம்பலுக்கு என் பெயரைச் சாக்காகச் சொல்லியிருந்தாலும் சொல்லியிருக்கலாம்.

சும்மா இருப்பேனா? மறுப்பு எழுதினேன். இந்த முறை முழுக்க ஆங்கிலத்தில், நான்கு பாரா. அளவு என்றால் என்ன, எலிக்கும் மனிதனுக்கும் என்ன வித்தியாசம், காப்பியிலும் டோஸ்ட்டிலும்கூட இதே சமாசாரம் இருக்கிறது... ஒரு பாடப்புத்தகமே போட்டிருக்கலாம். முதல் மெயிலை ஊரே படித்தது. இதைப் படித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் நான். இன்னொருவர் சங்கத்துச் செயலாளர் பாலாஜி. அவர் பதில் ஒரே வரி: "கம்பெனில பிரஷர் குடுத்துட்டாங்களா சார்?"

பாருங்கள். பயமுறுத்தும்போது நான் விஞ்ஞானி. பயப்படாதே என்று சொன்னால் விலை போனவன்.

வீட்டில் கேட்கவே வேண்டாம். பத்து வயது மகள் ஒரே வாக்கியத்தில் வழக்கை முடித்துவிட்டாள். "அப்பா, யூ ஆர் தி ரூமர்."

இதற்கு நடுவில்தான் சங்கத்தின் தீபாவளி விழா வந்தது. இந்த வருஷம் தீபாவளியும் ரம்ஜான் நோன்பும் ஒட்டிக்கொண்டு வந்தன. விழாவுக்கு முறுக்குச் சுடும் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் மெஹருன்னிசா.

மெஹர் எங்கள் அபார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸிலேயே இரண்டு கட்டடம் தள்ளி இருக்கிறார். ஊர் கீழக்கரை. கல்யாணமாகி இந்தப் பிப்ரவரியில்தான் வந்தார். கணவர் சாகுல் கம்ப்யூட்டர்க்காரர். திங்கள்கிழமை விமானமேறினால் வெள்ளி ராத்திரிதான் வீடு. அந்த வார இறுதி அதுவும் இல்லை, சிகாகோவிலேயே தங்கும்படி ஆகிவிட்டது. விமானமேறுவதும் அவருக்கு நம்மைப் போல இல்லை. போன வருஷம் செப்டம்பரில் நியூயார்க்கில் இரட்டைக் கோபுரம் விழுந்ததற்குப் பிறகு, ஒவ்வொரு ஏர்போர்ட்டிலும் அவரை மட்டும் ஓரமாகக் கூட்டிப்போய் இன்னொரு தடவை பெட்டியைத் திறக்கச் சொல்கிறார்கள். ஒருமுறை மெஹரும் கூட இருந்திருக்கிறார். அதற்கப்புறம் அந்தப் பெண் அதிகம் வெளியே வருவதில்லை. என் மனைவி கல்பனாதான் வற்புறுத்திச் சங்கத்துக்கு அழைத்து வந்தாள்.

பட்சணம் யார் செய்வது என்ற பேச்சு, நான் அந்த மெயிலை அனுப்புவதற்கு முன்பே, எங்கள் வீட்டு ஹாலில் நடந்தபோது எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். மெஹர்தான், "நான் முறுக்கு சுட்டுத் தர்றேங்க்கா" என்றார்.

"ஏம்மா, அப்ப நீ நோன்பாச்சே. அடுப்பு முன்னாடி எப்படி நிப்ப?" என்றாள் கல்பனா.

"வாய்க்குத்தானே நோன்பு? கைக்கு இல்லையேக்கா."

மூன்று நாள் சுட்டார். ஸ்மோக் அலாரம் இரண்டு முறை கத்தியது, லீசிங் ஆபீஸிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். நானூறு முறுக்கு. அலுமினியத் தட்டுகளில் அடுக்கி, என் வேனில் ஏற்றி, நான்தான் கொண்டுபோய் இறக்கினேன். ஒரு தட்டைத் தூக்கும்போது வந்த மணத்தைச் சொல்ல எனக்குத் தமிழ் போதாது.

விழா ஒரு பள்ளிக்கூடத்து கஃபெட்டேரியாவில். மேஜையில் வரிசையாகப் பண்டங்கள். ஒவ்வொரு தட்டின் முன்னாலும் செய்தவர் பெயர் எழுதிய சின்ன அட்டை. சங்கத்தின் வழக்கம் அது, செய்தவருக்கு ஒரு மரியாதை. 'முறுக்கு — மெஹருன்னிசா சாகுல்.'

மத்தியானம் மூன்று மணி. லட்டு போயிற்று. அதிரசம் போயிற்று. குழந்தைகளுக்கென்று கடையில் வாங்கிவைத்த உருளைக்கிழங்கு சிப்ஸ், பெரிய பெரிய பாக்கெட், அதுவும் போயிற்று! அப்பாக்களும் அள்ளி அள்ளித் தின்றார்கள். சுவீடன்காரர்கள் சொன்னதே அதைத்தான் ஐயா! முறுக்கு என்று சொன்னது நான் ஒருவன்தான், அதுவும் விளையாட்டுக்கு. ஆனால் சிப்ஸைப் பற்றிய மெயில் யாருக்கும் வரவில்லையே.

நான்கு தட்டு முறுக்கும் அப்படியே இருந்தது. அடுக்கு கலையவில்லை.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மேஜை பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். எல்லோரும் பார்க்க ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தேன். இன்னொன்று. மூன்றாவது. பிரமாதமாக இருந்தது, வெண்ணெய் போட்டுப் பிசைந்த மாவு. பக்கத்தில் வந்தவர்களிடம் லெக்சர் ஆரம்பித்தேன். "நீங்க ஒரு நாளைக்கு எத்தனை காப்பி குடிக்கறீங்க?" என்று ஒருவரைக் கேட்டேன். அவர் "எக்ஸ்க்யூஸ் மீ" என்று நகர்ந்தார். இன்னொருவர் பரிதாபமாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இந்த ரிஸ்க் எடுக்க வேணாம் சார். உங்களுக்குப் பொண்ணு இருக்கு" என்றார்.

பாலாஜிக்கு ஒரு யோசனை வந்தது. "சார், மைக்ல ஒரு அனௌன்ஸ்மென்ட் பண்ணிடலாம். ஓமம் போட்டா அந்த கெமிக்கல் எஃபெக்ட் ஆகாதுன்னு ஜெர்மனில கண்டுபுடிச்சிருக்காங்க, இந்த முறுக்குல ஓமம் இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அஞ்சு நிமிஷத்துல காலி."

"ஜெர்மனில யார் கண்டுபுடிச்சாங்க?"

"யாராவது கண்டுபுடிச்சிருப்பாங்க சார்."

கோபம் வந்தது எனக்கு. "ஆதாரம் இல்லாத எதையும் என் வாயால சொல்ல மாட்டேன் பாலாஜி. ஒரு பொய்ய இன்னொரு பொய்யால அழிக்கறதா? நான் சயின்டிஸ்ட்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. இந்த வாரப் பத்திக்கு விஷயம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

அப்போதுதான் கல்பனா வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "கொஞ்சம் இப்படி வாங்க."

தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டிப்போனாள். குரல் நடுங்கியது. அவளுக்குக் கோபம் வந்தால் அப்படித்தான்.

"உங்க மெயில் விஷயமே அந்தப் பொண்ணுக்குத் தெரியாது, தெரியுமா? அவ எந்த லிஸ்ட்லயும் இல்ல. சாகுலும் ஊர்ல இல்ல. நானாவது சொல்லியிருக்கணும், இவ்ளோ தூரம் போகும்னு நினைக்கல."

"சரி, இப்ப சொல்லிட்டா போச்சு."

"அவ என்கிட்ட என்ன கேட்டா தெரியுமா? 'அக்கா, என் பேரைப் போடாம இருந்திருந்தா எல்லாரும் எடுத்திருப்பாங்களோ'ன்னு கேட்டா. அந்தக் கார்டைப் போய்க் கவுத்து வெச்சிட்டு வந்துட்டா. நீங்க அது பக்கத்துலயே நின்னு லெக்சர் அடிச்சிட்டு இருக்கீங்க."

திரும்பிப் பார்த்தேன். ஆமாம். முறுக்குத் தட்டின் முன்னால் அட்டை குப்புறக் கிடந்தது. அரை மணி நேரமாக என் கண்ணுக்கு நேராகத்தான் கிடந்தது. கதவைத் திறந்து மூடும்போது காற்றில் விழுந்திருக்கும் என்று நினைத்திருந்தேன்.

சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. மூன்று வாரமாக நான் கவலைப்பட்டதெல்லாம் என் பெயரைப் பற்றி. அறிவியலின் மானத்தைப் பற்றி. ஒரு பெண் மூன்று நாள் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றுவிட்டு, இங்கே ஒரு மணி நேரமாக எல்லோர் கையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே — ஒருவர் கையாவது தன் தட்டுப் பக்கம் வருமா என்று — அதை நான் பார்க்கவில்லை.

"நீங்க போய் அவகிட்ட சொல்லுங்க. மத்தவங்களை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கல்பனா விறுவிறுவென்று கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

மெஹர் கடைசி வரிசையில், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பேப்பர் தட்டு. அதில் மூன்று பேரீச்சம்பழம். இன்னும் அரை மணி நேரத்தில் நோன்பு திறக்க வேண்டும். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

"உட்காரும்மா. ஒரு விஷயம் சொல்லணும். முறுக்கை யாரும் எடுக்காததுக்குக் காரணம் நான்."

அவருக்குப் புரியவில்லை. சுவீடனில் ஆரம்பித்தேன். அக்ரிலமைடு என்றேன். எலி என்றேன். ஃபாண்ட் என்றேன். ஆயிரம் பேர் இருக்கிற சபையில் தடுமாறாமல் பேசுகிறவன், அந்தப் பெண்ணின் முன்னால் திக்கித் திணறினேன். கடைசியில், "முறுக்கு சாப்பிட்டா கேன்சர் வரும்னு நான் சொன்னதா நினைச்சுக்கிட்டு எல்லாரும் பயப்படறாங்க" என்று முடித்தேன்.

என் முகத்தையே பார்த்தார்.

"கேன்சரா? கேன்சருக்குப் பயந்துக்கிட்டா அண்ணே யாரும் எடுக்கல?"

"ஆமாம்மா."

"கேன்சர்தானா!" என்றார். உடனே சிரித்துவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அல்லாவே... நான் வேற என்னமோன்னு நெனச்சுட்டேன் அண்ணே. வெறும் கேன்சர்தானா!"

கேன்சர் என்ற வார்த்தையைக் கேட்டு இவ்வளவு நிம்மதியடைந்த மனிதரை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை. மருந்துக் கம்பெனியில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறேன்.

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் முறுக்கு மேஜையில் ஒரே நெரிசல். கல்பனா என்ன சொன்னாள் என்று பிறகுதான் தெரிந்தது. அறிவியல் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நான்கைந்து பெண்களிடம் போய், "மெஹர் என்ன நினைச்சிட்டிருக்கா தெரியுமா?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். அவர்கள் தங்கள் கணவன்மாரிடம் கேட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். என் நான்கு பாரா மறுப்பால் அசையாதவர்கள், ஆளுக்கு இரண்டு மூன்று முறுக்கை எடுத்துக்கொண்டு மெஹர் பார்க்கும்படியாக நின்று கடித்தார்கள். பாலாஜி ஒரு கையில் முறுக்கோடு மைக்கைப் பிடித்து, "இந்த வருஷத்து ஸ்டார் ஐட்டம்" என்று அறிவித்தார். கேன்சரை விட இந்த ஒரு கேள்விக்கு எல்லோரும் அதிகமாகப் பயந்துவிட்டார்கள். ஒருவர் குப்புறக் கிடந்த அட்டையை நிமிர்த்தி வைத்தார். ஒரு மாமி ஃப்ரீசர் கவரில் பத்து முறுக்கை மகனுக்கென்று எடுத்துக்கொண்டார்.

நானும் மெஹரும் ஜன்னல் ஓரத்திலிருந்தே அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொரு தடவை கேட்டார்.

"அண்ணே... நெசமாவே எல்லாரும் அதுக்குத்தானே எடுக்கல? வேற ஒண்ணும் இல்லையே?"

வரிசையைப் பார்த்தேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள், வீட்டுக்கு வந்து போகிறவர்கள், நல்லவர்கள். இவர்களில் எத்தனை பேர் என் மெயிலுக்குப் பயந்தார்கள்? யாராவது ஒருவருக்காவது என் மெயில் வசதியாக அமைந்திருக்குமா? எதில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்வது என் உத்தியோகம். எனக்குத் தெரியவில்லை.

"ஆமாம்மா. எல்லாரும் அதுக்கு மட்டும்தான்" என்றேன்.

ஆதாரமே இல்லாமல் நான் அடித்துச் சொன்ன விஷயம், எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான்.